ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மனு

பொதுமக்களிடமிருந்து வரும் மனுவுக்கு முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். முடிவெடுக்கக் காலம் பிடிக்குமானால், காரணத்தைச் சொல்லி ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். இதுதான் விதி. அரசுப் பணியில் இருந்த காலம் முழுவதும் இதைப் பிறருக்கு எடுத்துச் சொன்னவன் நான். கடைப்பிடித்தேனா என்று கேட்டால், இடைக்காலப் பதில்கள் நிறைய அனுப்பியிருக்கிறேன்.

என் மகளுக்கு ஸ்கேட்டிங் பைத்தியம். கூட வேலை செய்த பெண் ஒருத்தி பயன்படுத்திவிட்டுக் கொடுத்த ஸ்கேட்ஸ், ஒரு துணிக்கடைப் பையில் எங்கள் வீட்டுக்கு வந்தது. திங்கள் முதல் சனி வரை விடியும் முன்பே மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் போவாள். அங்கே ஒரு கம்பெனியில், ஊரார் நிரப்பிய காப்பீட்டுப் படிவங்களில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. அது எங்கள் குடும்ப வியாதி. அவள் திரும்பும்போது நாங்கள் சாப்பிட்டு முடித்திருப்போம். நின்றபடியே தட்டைக் காலி செய்துவிட்டுப் படுத்துவிடுவாள். வாரம் முழுவதிலும் அவளுக்கென்று இருந்தது ஞாயிறு காலை ஏழிலிருந்து ஒன்பது வரை மட்டும்தான்.

எங்கள் ஊர்ச் சாலைகளில் செருப்புப் போட்டு நடக்கவே பயிற்சி வேண்டும், சக்கரம் எங்கே ஓடும்? ஆனால் ஸ்கெலட்டன் என்று பெயருள்ள எங்கள் பகுதியில், வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு பழைய கூடம் இருக்கிறது. தங்கச் சுரங்கம் ஓடிய நாட்களில் ஷிப்டுக்கு இறங்குகிறவர்கள் பெயர் கொடுத்துவிட்டு நின்ற இடம். எத்தனையோ பேருடைய பூட்ஸ் தேய்த்துத் தேய்த்து அதன் சிமென்ட் தரை கண்ணாடிபோல் ஆகிவிட்டது. என் மகளும் இன்னும் நான்கு பெண்களும் ஆட்டுப் புழுக்கையைக் கூட்டித் தள்ளிவிட்டு அங்கே சுற்றுவார்கள்.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "இருவத்தி நாலு வயசுப் பொண்ணு கால்ல சக்கரம் மாட்டிக்கினு சுத்துது. பொண்ணு பாக்க வர்றவங்க கிட்ட இன்னா சொல்றது?"

"ஒக்கார வெச்சி காபி குடும்மா. ரெண்டு ரவுண்டு போய்ட்டு வந்துர்றேன்" என்பாள் மகள்.

ஒரு ஞாயிறு அவள் மறந்துவிட்டுப் போன போனைக் கொடுக்கப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். இடுப்பை வளைத்து, கைகளைப் பின்னால் கட்டி, ஒற்றைக் காலில் ஒரு தூணைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பல மாதங்களாகத் தூக்கக் கலக்கத்தில்தான் பார்த்திருந்தேன். இது வேறு முகம். நான் நிற்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

வேறு தகப்பனாக இருந்தால் கைதட்டியிருப்பான். நான் கதவைப் பார்த்தேன். பூட்டு இல்லை, போகும்போது முறுக்கி வைக்கிற கம்பி ஒன்று தொங்கியது. இவ்வளவு நல்ல விஷயம் இப்படி ஆதாரமில்லாமல் நடக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான்.

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டேன். "ஹாலுக்கு யார் கிட்டம்மா பர்மிஷன் வாங்கினீங்க?"

"யாரும் கேக்கலயேப்பா."

"கேக்கறதுக்கு முன்னாடி வாங்கி வெக்கறதுக்குப் பேருதான் பர்மிஷன்."

"நாம்ப கேக்காத வரிக்கும் யாரும் வாணாம்னு சொல்ல மாட்டாங்கப்பா. வுட்டுடு."

"நாளைக்கே எவனாவது வந்து வெளிய போன்னு சொன்னா?"

"போயிட்டு அடுத்த வாரம் வருவோம்."

இந்த வாதத்தில் அவள் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அன்று சிரித்தேன். அனுபவமில்லாத பெண் என்று நினைத்தேன். மனுவை நானே எழுதினேன். பொருள், பார்வை, இணைப்புகள் என்று எல்லாம் வைத்தேன். கூடத்தின் வரைபடம், ஐந்து பெண்களின் அடையாள அட்டை நகல், சேதம் விளைவிக்க மாட்டோம் என்ற உறுதிமொழி. பஜாரில் கொடுத்துக் கன்னடத்தில் தட்டச்சு செய்து வாங்கினேன். மனுதாரர் என்ற இடத்தில் மகள் கையெழுத்துப் போட்டாள், என் மனம் கோணக் கூடாது என்பதற்காக. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன், கோலாரில் இருக்கும் அலுவலகத்துக்கு அனுப்பினேன். சுரங்கம் மூடிய பிறகு பல கைகள் மாறி அந்தக் கூடம் கடைசியாக அவர்கள் பொறுப்புக்கு வந்திருந்தது.

மூன்றாம் ஞாயிறு, ஏழரை மணிக்கே தோளில் பையோடு திரும்பி வந்தாள்.

"பூட்டிட்டாங்கப்பா. பேப்பர் ஒட்டிகீறாங்க."

போய்ப் படித்தேன். மனு பரிசீலனையில் இருப்பதால் முடிவு எடுக்கப்படும் வரை எவரும் உள்ளே நுழையக் கூடாது என்று எழுதியிருந்தது. குறை சொல்ல முடியாத உத்தரவு. பார்வையில் கொடுத்திருந்த எண்கூட சரியாக இருந்தது. அது எங்கள் மனுவின் எண். அப்படி ஒரு கூடம் தங்களிடம் இருப்பதையே அந்த அலுவலகம் மறந்துபோயிருந்தது. நான்தான் வரைபடம் போட்டு ஞாபகப்படுத்தினேன்.

முப்பது நாள் பொறுத்தேன், விதி என்பதால். முப்பத்தொன்றாம் நாள் கோலாருக்குப் பஸ் ஏறினேன். அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர் முன்பு எனக்குக் கீழே எழுத்தராக இருந்தவர். எழுந்து நின்று நாற்காலி போட்டார், டீ சொன்னார்.

"ஃபைல் ஓடிக்கினு கீது சார். கட்டடம் ஸ்ட்ராங்கா கீதான்னு இன்ஜினியர் எழுதணும். அதுக்கப்புறம் மேல போவும்."

"அது சரி. பூட்டுனது எதுக்கு? வாரத்துல ரெண்டு மணி நேரம் பசங்க சுத்துறாங்க, அவ்ளோதான்."

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "பெண்டிங்ல இருக்கறத தொறந்து வெக்கலாமா சார்? முடிவு வர்ற வரிக்கும் எதையும் நகத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

சொல்லியிருக்கிறேன். பல பேருக்கு, பல வருடங்கள். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நினைவூட்டுக் கடிதங்கள் எழுதினேன். இதற்கிடையில் மகள் தெருவில் ஓட்டிப் பார்த்தாள். ஜல்லியில் சக்கரம் மாட்டி முழங்கை கிழிந்தது. வேலை முடிந்து பெங்களூரில் ஏதோ மைதானத்துக்குப் போய்ப் பார்த்தாள், ரயிலைத் தவறவிட்டாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிவரை தூங்கினாள். எழுந்து படுக்கையிலேயே போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்மேல் கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பதில் சொல்வதற்குத் தகுந்த புகார் எதையும் அவள் தரவில்லை.

தீபாவளி முடிந்த வாரம் பெங்களூரில் பெண்கள் விடுதி ஒன்றில் சேரப்போவதாகச் சொன்னாள்.

"இவ்ளோ நாள் டிரெய்ன்ல போய்ட்டு வந்துக்கினுதானே இருந்த?" என்றேன்.

"சண்டே ஒண்ணு இருந்துதுப்பா. அதுக்காக ஆறு நாள் அலையலாம்னு தோணுச்சி. இப்போ எதுக்கு?"

விடுதியின் நிபந்தனைகளை வாங்கிப் படித்துப் பார்த்தேன். ஒழுங்காக இருந்தன. அவள் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்த என் மனைவி, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கறீங்க. பொண்ணு வூட்லயே இருக்கணும்னு ஒரு மனு எழுதத் தெர்லயா?"

முதலில் வாரம் தவறாமல் வந்தாள். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு பண்டிகைக்கு. அவள் அறையில் இஸ்திரி மேசை வந்தது.

அப்புறம் ஒருநாள் தபால்காரர் மகள் பெயரைச் சொல்லி ஓர் உறையைக் கொடுத்தார். அனுமதி வழங்கப்பட்டிருந்தது. ஞாயிறுதோறும் ஏழிலிருந்து ஒன்பது வரை, எட்டு நிபந்தனைகளுக்கு உட்பட்டு. மனுதாரர் பதினைந்து நாட்களுக்குள் நேரில் வந்து சாவியைப் பெற்றுக்கொள்ள வேண்டும், தவறினால் அனுமதி தானாக ரத்தாகும் என்பது எட்டாவது. போன் செய்தேன்.

"ஹாலா? குடுத்துட்டாங்களா?" அவள் சிரித்தாள், ஏளனமில்லாமல். "ஸ்கேட்ஸ் இல்லியேப்பா. ரூம்ல ஒரு பொண்ணு, அவ தங்கச்சிக்குக் குடுத்துட்டேன்."

"வேற வாங்கிக்கலாம்."

"வாணாம்பா. ஒரு நாள் லீவு, துணி தொவைக்கவே சரியா போவுது. மத்த பொண்ணுங்க கிட்ட கேட்டுப் பாரேன்."

கேட்டேன். இரண்டு பேருக்குக் கல்யாணமாகி வெளியூர் போயிருந்தார்கள். ஒருத்தி ஓசூரில் வேலைக்குப் போகிறாள். நான்காவது பெண் போனை எடுக்கவில்லை.

மனுதாரர் வர இயலாவிட்டால், அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தோடு வேறொருவர் சாவியை வாங்கலாம். அதற்கும் வழி உண்டு, படிவமும் உண்டு. நான் எழுதவில்லை. வந்த அனுமதிக் கடிதத்தின் இடது மேல் மூலையில், எந்தத் தபாலுக்கும் செய்வதுபோல், பெற்ற நாளை மட்டும் குறித்தேன்: ஜூலை பதினொன்று, வியாழக்கிழமை.