ராமநாதபுரத்தில் நாங்கள் இறங்கவில்லை

மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் எனக்கு வரவேற்பு மேசையில் வேலை. அறை கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் ராமேஸ்வரம் போகிறவர்கள். சாவியை வாங்கும்போதே எப்படிப் போனால் நல்லது என்று கேட்பார்கள். ரயில் மலிவு, ஆனால் அதன் நேரத்துக்கு நாம் போக வேண்டும். மாட்டுத்தாவணியில் பஸ் எந்நேரமும் உண்டு, நாலு மணி நேரம் ஆகும். கார் எடுத்தால் நினைத்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பல வருசமாக இதைத்தான் சொல்லிவந்தேன்.

என்னைப் பெற்ற அய்யா ராமேஸ்வரம் போக வேண்டும் என்றபோது அவரிடமும் இதையேதான் சொன்னேன்.

அம்மா இறந்து ஒரு வருசம் முடிந்திருந்தது. முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை, கண் ஆபரேசனைச் சாக்கு வைத்து நான்தான் மதுரைக்குக் கூட்டி வந்திருந்தேன். மிளகாய்க் காட்டையே சுற்றிச்சுற்றி வந்த மனிதர். என் ஒற்றை அறை வீட்டில் நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். தை அமாவாசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, “ஒங்கம்மாவுக்குக் கடல்ல முங்கித் திதி குடுத்துரணும்லே” என்றார். வந்த இரண்டு மாதத்தில் அவராக வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

அப்போது பாம்பன் ரயில் பாலத்தை மூடியிருந்தார்கள். புதுப் பாலம் கட்டி முடியவில்லை. ரயிலில் போனால் மண்டபத்தில் இறங்கி, அங்கிருந்து மறுபடி பஸ் ஏற வேண்டும். காருக்கு அய்யா சம்மதிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டால் அவருக்குக் குமட்டும். “பஸ்ல காத்தாடப் போவோம்” என்றார். எனக்கும் அதுதான் வசதியாகப் பட்டது. அமாவாசைக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இருக்க முடியாது. தெரிந்தும் சரி என்றேன்.

விடியக் காலையில் மாட்டுத்தாவணிக்குப் போனோம். மூன்று பஸ்ஸை விட்டோம், ஏற முடியவில்லை. நாலாவது பஸ் உள்ளே திரும்பும்போதே நான் அதன் கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தேன். ஒருத்தர் சண்டைக்கு வந்தார். “வயசானவரு இருக்காருய்யா” என்று நானும் கத்தினேன். அய்யாவை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தபோது எனக்கு எதையோ சாதித்துவிட்ட மாதிரி இருந்தது.

பரமக்குடி தாண்டியதும் அய்யா நெஞ்சைத் தடவிவிட்டார்.

“என்னய்யா?”

“கரிக்குது.”

“வெறும் வயிறுல்ல, அதான்” என்றேன். திதி கொடுக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்று விரதம் இருந்தார். அவரும் தலையை ஆட்டிக்கொண்டார்.

ராமநாதபுரம் பஸ் நிலையத்தில் வண்டி நின்றபோது மணி எட்டு இருக்கும். இறங்கியவர்கள் நாலைந்து பேர், ஏறியவர்கள் நாற்பது பேர். “பின்னாடியே ஸ்பெஷல் வண்டி வருது, காலியா வருது, இதுல ஏறாதீக” என்று கண்டக்டர் கத்தினார். கண்டக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஒருத்தரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

அய்யாவின் நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. தை மாதத்துக் காலைக் குளிரில் வேர்வை. அதை நான் பார்த்தேன். கூட்டத்தில் புழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஏலே, இங்கன எறங்கிருவமா? செத்த ஒக்காந்துட்டு அடுத்த வண்டில போவம்.”

“எறங்குனா எடம் போயிரும்யா. அடுத்த வண்டில நிக்கக்கூட முடியாது. இன்னும் ஒரு மணி நேரந்தான், பொறுத்துக்கங்க.”

எங்கள் தலைக்கு மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களின் கண்ணெல்லாம் எங்கள் இருக்கையின் மேலேயே இருந்தது. அய்யா அவர்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். “சரிடா” என்றார்.

ஜன்னல் வழியாக ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். விரதம் என்று சொல்லாமல் வாங்கி இரண்டு மடக்குக் குடித்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரி அந்த ஊரில்தான் இருக்கிறது. ஆட்டோ பிடித்திருந்தால் சில நிமிடம்.

உச்சிப்புளி வரும்போது என் தோளில் சாய்ந்தார். தூங்கட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மண்டபத்திலிருந்தே வண்டிகள் ஊர்ந்தன. சாலைப் பாலத்தில் ஏறி நடுவுக்கு வந்ததும் நின்றேவிட்டது. முன்னால் கார்களை ஓரங்கட்டிவிட்டு ஆட்கள் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்குள்ளும் எல்லோரும் எங்கள் ஜன்னல் பக்கம் சாய்ந்து கடலைப் பார்த்தார்கள்.

“அய்யா, கடல் வந்துருச்சு” என்றேன்.

பின் இருக்கையில் பாம்பனைச் சேர்ந்த ஒரு அம்மாள் இருந்தார். கருவாட்டு வியாபாரம், காலியான கூடையை மடியில் வைத்திருந்தார். உப்புக் காற்று அய்யாவின் முகத்தில் அறைகிறதே என்று கண்ணாடியை இழுத்துவிட எட்டியவர், அவர் கையைத் தொட்டுவிட்டு அப்படியே நிறுத்தினார்.

“தம்பி, இவுக ஒனக்கு யாரு?”

“எங்க அய்யா.”

“எழுப்பிப் பாரு.”

எழுப்பினேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை ஜன்னல் பக்கம் விழுந்தது. அந்த அம்மாள்தான் சத்தம் போட்டார். அதுவரை நெருக்கிக்கொண்டு நின்ற கூட்டம் எங்களைச் சுற்றி எப்படி அவ்வளவு இடம் விட்டது என்று தெரியவில்லை. யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். பாம்பன் முனைக்கு வந்துவிடும், ஆனால் பாலத்துக்குள் நுழைய வழியில்லை என்றார்கள்.

“முன்னாடியும் போக முடியாது, பின்னாடியும் போக முடியாது. தூக்கிருவோம்பா” என்றார் கண்டக்டர்.

குளித்தபின் கட்டிக்கொள்ள அய்யா ஒரு வேட்டி எடுத்து வைத்திருந்தார். அதை விரித்து அவரைக் கிடத்தி, நான், கண்டக்டர், முன்பின் தெரியாத இரண்டு பேர், ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். பின்படி வழியாக இறக்கும்போது எங்களுக்குப் பின்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்தேன். ஸ்பெஷல் என்று அட்டை மாட்டியிருந்தது. உள்ளே பாதி இருக்கை காலி.

பாம்பன் முனை கண்ணுக்குத் தெரிந்தது, நடக்க நடக்க வரவில்லை. காற்று வேட்டியைப் பிடுங்கியது. அந்த அம்மாள் கூடையைப் பஸ்ஸிலேயே போட்டுவிட்டு முன்னால் நடந்து, “காரை எடுங்கடா, உசுரு போகுதுடா” என்று ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டிக்கொண்டே போனார். சிலர் பதறி வண்டியை நகர்த்தினார்கள். ஒருத்தன் போனை எங்கள் பக்கம் திருப்பினான். என்னால் அவனைத் திட்டவும் முடியவில்லை, மூச்சு வாங்கியது. அய்யாவின் கண் கொஞ்சம் திறந்திருந்தது. இரண்டு மாதம் முன்புதான் ஆபரேசன் செய்த கண்.

ஆம்புலன்ஸில் இருந்தவர் சோதித்துப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார். கொஞ்சநேரத்தில் பாலத்தில் நெரிசல் விலகியதும் வந்த வழியே திருப்பி ராமநாதபுரத்துக்கே கொண்டுபோனார்கள். பஸ் நிலையம் போகும் சாலையை ஜன்னலில் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா. எழுதிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். “எட்டு மணிக்கே கூட்டிட்டு வந்திருந்தா?”

“அத இப்பச் சொல்ல முடியாதுங்க” என்றார். காகிதத்திலிருந்து பேனாவை எடுக்காமலே சொன்னார்.

சாயங்காலம் ஊருக்கு எடுத்துப்போய்விட்டோம். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா வண்டிக் கதவைத் திறக்குமுன் ஓடி வந்தாள். அழுது முடித்து, ஓரமாக என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“கடைசியா என்னடா சொன்னாரு?”

“ஒண்ணுஞ் சொல்லலக்கா. தூக்கத்துலயே போயிட்டாரு.”

வந்தவர்களிடமெல்லாம் அவள் அதையே சொன்னாள். எங்கய்யாவுக்கு நல்ல சாவு, ஒரு வலி இல்லை, மகன் தோளில் சாய்ந்தபடி, ராமேஸ்வரத்துக்குப் போகிற வழியில் போய்ச்சேர்ந்தார் என்று. கேட்டவர்கள் புண்ணியம் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து வெளியே போனேன். அஸ்தியைக் கடலில் கரைக்க என்னைக் கூப்பிட்டபோது லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். மச்சான்தான் போய்வந்தார். “பெத்த மகன் இருக்கையில மருமகன் போகணுமாக்கும்” என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும் என்றிருந்தேன்.

மதுரையில் என் வேலை அப்படியே இருந்தது. ராமேஸ்வரத்துக்கு எப்படிப் போகலாம் என்று கேட்பவர்களிடம் ரயிலையும் காரையும் சொல்லிவிட்டு, பஸ்ஸைச் சொல்லாமல் விட்டேன். அவர்களாகப் பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் பக்கத்து மேசையில் இருப்பவரைக் கை காட்டினேன்.

அடுத்து வந்த மாசியின் முடிவில் ஊருக்குப் போனேன். அக்கா காட்டில் மிளகாய்ப் பழம் எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு நிரையில் குனிந்தேன். பக்கத்தில் வேறு ஆள் இல்லை. இதற்கு மேல் முடியாது என்று தோன்றி, எல்லாவற்றையும் சொன்னேன். கரிக்குது என்றது, வேர்வை, சோடா, இருக்கை, பின்னால் காலியாக நின்ற பஸ்.

அக்கா கையை நிறுத்தவில்லை. மடியில் பழம் விழுந்துகொண்டே இருந்தது. நிரை முடிந்து வரப்பில் கொட்டியபின்தான் என்னைப் பார்த்தாள்.

“எறங்கிருவமான்னு எத்தன தடவ கேட்டாரு?”

“ஒரு தடவதான்க்கா.”

“அய்யா எதையும் ரெண்டாந்தடவ கேக்க மாட்டாரு. ஒனக்குத் தெரியாதா?”

தெரியும். தெரியும் என்று அவளிடம் சொல்லவும் செய்தேன்.

“போயிரு. நான் செத்த தனியா இருக்கேன்” என்றாள்.

அதன்பின் நாலு மாதம் என் போனை எடுக்கவில்லை. மச்சானுக்குக் காரணம் தெரியாது. சொத்துத் தகராறோ என்று நினைத்து என்னைத் தனியாக விசாரித்தார். ஆடி மாதம் ஒருநாள் வேலையில் இருந்தபோது அக்காவே கூப்பிட்டாள். “மகளுக்குக் காது குத்துறோம். தாய்மாமன் மடி வேணும். வந்துரு” என்றாள். வேறு எதுவும் பேசாமல் வைத்துவிட்டாள்.

போனேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டேன். அது வீரிட்டு அழுதபோது அக்கா குனிந்து அதன் முகத்தைத் துடைத்தாள், என்னைப் பார்க்கவில்லை. இலை போட்டபோது அவளே எனக்குப் பரிமாறினாள். இப்போது வாரம் ஒருமுறை பேசிக்கொள்கிறோம். மழை, மிளகாய் விலை, பிள்ளைகளின் படிப்பு. அய்யாவைப் பற்றி அவளும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.