பஸ்ஸில் பிழைத்த குழந்தை

குந்தாரப்பள்ளி தாண்டியதும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் பேச்சு அடங்கிவிடும். ஸ்டோர்ஸில் வேலை பார்த்த அண்ணன், அட்டை கிழிந்த ஆங்கில நாவல் ஒன்றைத் திறப்பார். நூறு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் தம் ஊர் மில் தொழிலாளிகளைப் பற்றி எழுதியது. ஓசூர் வரும்வரை தமிழில் கதை சொல்வார். பின்சீட்டுக்காரர்களுக்காக நடுநடுவே தெலுங்கும் கன்னடமும் வரும். கதையில் மில் தொழிலாளி ஒருவனின் சின்ன மகள் காய்ச்சலிலிருந்து பிழைத்த அன்று பஸ்ஸே கைதட்டியது. டிரைவர் அண்ணன் மட்டும் கண்ணாடியை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கியரை மாற்றினார். அவருடைய மகள் முந்தின வருஷம்தான் காய்ச்சலில் இறந்திருந்தாள்.

கதை பாதியில் நிற்கும்போது ஸ்டோர்ஸ் அண்ணனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. "மீதிய நான் சொல்றேன்" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். பஸ் சிரித்தது. எனக்கும் ஆங்கிலத்துக்கும் ஏழாம் பொருத்தம் என்பது ஊரறிந்த விஷயம். சிரித்தார்களே என்ற வீம்பில் அகராதியோடு முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. விடவில்லை.

பல மாதம் கழித்து அந்தக் காய்ச்சலுக்கு வந்து சேர்ந்தேன். புத்தகத்தில் குழந்தை செத்துவிட்டாள். வார்த்தைக்கு வார்த்தை அகராதியைப் புரட்டிக்கொண்டே அழுதேன். அப்படிப் படித்தும் அழவைத்தாரே, அந்த எழுத்தாளரை எப்படி மறப்பது? அவள் சாவில்தான் மீதிக் கதையே நிற்கிறது. அவளை உயிரோடு வைத்துக்கொண்டு மேலே ஒரு வரி சொல்ல முடியாது. செத்துவிட்டாள் என்று சொன்னால் டிரைவர் அண்ணன் என்ன ஆவார்?

மறுநாள் பஸ் கிளம்புமுன் அவரிடமே போனேன்.

"அண்ணா, கதையில அந்தப் பாப்பா..."

"செத்துப்போச்சு. தெரியும்மா. பொழச்சிடுச்சின்னு சொல்றப்ப ஸ்டோர்ஸ்காரரு என்னயத்தான் பாத்தாரு, கண்ணாடியில தெரிஞ்சிது. பாவம், அந்தப் புள்ளைக்கு அழறதுக்கு ஒருத்தருமில்லாம போச்சு. நீ உள்ளத சொல்லு."

இப்போது என் அலமாரியில் அந்த எழுத்தாளரின் புத்தகங்கள் எல்லாமே இருக்கின்றன. இந்தக் காலத்தில் இவரை யார் படிப்பார்கள் என்று மகள் கேட்கிறாள். நான் வாதாடுவதில்லை, அன்றைய காலையைச் சொல்கிறேன்.

பஸ் கிளம்பியதும் பாப்பா செத்ததை உள்ளபடியே, நிறுத்தாமல் சொன்னேன். சூளகிரியில் காத்திருந்த நாலு பேரை ஏற்றாமலே பஸ் போய்விட்டது. உள்ளே இருந்த ஒருவரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் டிரைவர் அண்ணன் கையில் மெமோ கொடுத்தார்கள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நாளைக்கு எங்கிருந்து ஆரம்பிப்ப?" என்றார்.