ஓடாத ஃபேன்

மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். கள்ளக்குறிச்சியில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ப்பக்கம் ஒரு புங்கமரம் இருக்கிறது. அதனடியில் ஒரு மடக்கு மேசையும் மூன்று பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டு உட்கார்ந்திருப்பேன். திங்கட்கிழமை மனு நாள் என்பதால் அன்றைக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மற்ற நாட்களில் மூச்சு விடுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. புங்கமரம் நல்ல நிழல் தரும் மரம்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் சித்திரை, வைகாசியில் தார் ரோட்டிலிருந்து கிளம்பி வரும் அனல் மரத்துக்கெல்லாம் மரியாதை கொடுப்பதில்லை.

அப்படி ஒரு வெயிலில் லேசாகத் தலை சுற்றியதை ஞாயிற்றுக்கிழமை போனில் மகளிடம் உளறிவிட்டேன். அவள் புனேயில் இருக்கிறாள். வேலை, வீட்டுக்காரர், இரண்டு வயதுக் குழந்தை என்று அவள் பாடு அவளுக்கு. நான்காம் நாள் கொரியரில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு சின்ன ஃபேன், ஒரு சாண் உயரம் இருக்கும். அடியில் பேட்டரி, நடுவில் அரை டம்ளர் தண்ணீர் பிடிக்கும் தொட்டி, மேலே விசிறி. ஒரு பட்டனை அழுத்தினால் காற்று. இன்னொன்றை அழுத்தினால் காற்றோடு தண்ணீர் புகைபோல வந்து முகத்தில் படியும். செல்போனுக்குப் போடுவது போலவே சார்ஜ் போட வேண்டும்.

முதல் நாளே அது என் மானத்தை வாங்கியது. நான் இங்க் பேனாக்காரன். பால்பாயிண்டில் எழுதினால் எழுத்து எழுத்தாக இருக்காது என்பது என் கட்சி. ஃபேனை மேசைமேல் வைத்து, பட்டனை அழுத்தி, குளுகுளுவென்று ஒரு பட்டா மனுவை எழுதி முடித்துப் பார்த்தால், 'உயர்திரு' என்பதில் தொடங்கி கையெழுத்து போடும் இடம்வரை நீலம் கரைந்து ஓடியிருந்தது. பக்கத்தில் டீ விற்பவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, மனுவே அழுவுது?" என்றார். அன்றிலிருந்து ஃபேனை மேசையில் வைக்காமல், காகிதத்தில் படாதபடி பக்கத்து நாற்காலியில் என் முகத்தைப் பார்க்க வைத்தேன். அந்த நாற்காலியில் முன்பெல்லாம் மதியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் மனைவி உட்காருவாள்.

அவள் போய் இரண்டு வருஷமாகிறது. அவள் இருந்தவரை போன் அவள் கையில்தான் இருக்கும். அம்மாவும் பெண்ணும் மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் கேட்டேன்னு சொல்லு" என்பேன். நான் மகளோடு பேசியதெல்லாம் அவ்வளவுதான். மனைவி போனபிறகு ஞாயிற்றுக்கிழமை போனை நானே எடுக்கவேண்டி வந்தது.

"சாப்ட்டீங்களாப்பா?"

"சாப்ட்டேன்."

"மாத்தர போட்டீங்களா?"

"போட்டேன்."

"சரிப்பா, வெக்கட்டுமா?"

"வை."

மனுவில் 'பொருள்' என்று ஒரு வரி உண்டு. எது சம்பந்தமாக எழுதுகிறோம் என்பதை அங்கே சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் மேலே ஒரு வார்த்தை எழுத முடியாது. எனக்கும் என் மகளுக்கும் இடையில் அந்த ஒரு வரிதான் இல்லை. பாசம் இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறது. பேசுவதற்குப் பொருள் இல்லை.

ஃபேன் வந்த எட்டாம் நாள் புகை நின்றுபோனது. தப்பு என்னுடையதுதான். குடிக்க வாங்கிய கேன் தண்ணீரை அதற்கு ஊற்ற மனசு வரவில்லை. முகத்தில் அடிக்கும் தண்ணீர்தானே என்று பைப்பில் வரும் போர் தண்ணீரை ஊற்றினேன். எங்கள் பக்கத்துத் தண்ணீரின் உப்பு குடத்தையே வெள்ளையாக்கும். புகை வரும் அந்தச் சின்ன வட்டத்தை விட்டுவைக்குமா? இதை மகளிடம் சொன்னபோது, "வீடியோல வாங்க, பாக்கலாம்" என்றாள். மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டாள். ஆபீசிலிருந்து குழந்தையை விட்டிருக்கும் இடத்துக்கு நடந்து போகும்போது அவளுக்குப் பதினைந்து நிமிஷம் கிடைக்கும். அந்த நேரத்தில் கூப்பிட்டாள்.

"வினிகர் இருக்குதாப்பா?"

"அது இன்னா?"

"சரி, எலுமிச்சம்பழம் தேய்ங்க. காது கொடையற பஞ்சு வெச்சி மெதுவா."

தேய்த்தேன். வரவில்லை. அதற்கடுத்த நாளும் கூப்பிட்டாள். பிறகு தினமும். நான் ஃபேனைத் தலைகீழாகக் காட்டுவேன். அவள் நடந்துகொண்டே, மூச்சு வாங்க, "இன்னும் கிட்ட காட்டுங்க" என்பாள். ஃபேனைப் பற்றிப் பேசி முடித்ததும் பேச்சு தானாக வேறு பக்கம் போகும். குழந்தை சாக்பீஸ் தின்றதைச் சொல்வாள். ஒரே எருமைமாட்டுக்காக அண்ணனும் தம்பியும் தனித்தனியாக என்னிடமே மனு எழுதிக்கொண்டு போனதைச் சொல்வேன். ஒருநாள் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அம்மாவோடு பேசும்போது அவள் சிரித்துக் கேட்டிருக்கிறேன். நான் சொல்லி அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. கலெக்டர் ஆபீஸ் ஐந்தே முக்காலுக்கே வெறிச்சோடிவிடும். அதற்கு மேல் எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் ஆறு மணிக்காக உட்கார்ந்திருந்தேன். காலையில் மேசையை விரிக்கும்போதே ஆறு மணியைப் பற்றிய நினைப்பு வந்துவிடும்.

பத்து நாள் இப்படிப் போனது. அடுத்த திங்கட்கிழமை வெள்ளிமலைக்கு மேலே ஏதோ ஒரு ஊரிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். விடியற்காலையில் நடந்து, முதல் பஸ் பிடித்து, மலை இறங்கி வந்திருந்தார். உட்கார்ந்ததும் எல்லோரையும்போலத் தொடங்கினார்: மருமகளுக்கு இடுப்பு வலி, சாமை இந்த வருஷம் கம்மி, போன மழையில் பாதை அரித்தது, பஸ்ஸுக்கு நடக்கிற தூரம். நான் தலையாட்டிக் கேட்டுவிட்டு, எல்லோரிடமும் கேட்பதையே அவரிடமும் கேட்டேன்.

"சரிம்மா. ஆகவே?"

மனுவுக்கு உயிர் அந்த வார்த்தைதான். மேலே எத்தனை பக்கம் அழுதாலும் சரி, 'ஆகவே' என்று போட்டு அதற்குக் கீழே எழுதுவதுதான் கேட்பது. அந்த இடத்தில் முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள். என்ன வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது, அல்லது கேட்கக் கூச்சப்படுவார்கள். அந்த அம்மா முழிக்கவில்லை.

"ஆகவே, காலைல வர்ற பஸ்சு எங்க ஊரு வரைக்கும் வரணுங்க. அவ்ளோதாங்க."

எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. இவ்வளவு சுலபமா ஒரு மனுஷி தனக்கு வேண்டியதைக் கேட்பது!

எழுதி முடித்து மை உலரக் காத்திருந்தபோது அவர் ஃபேனைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். "உங்க ஊரு தண்ணி உப்புங்க. எங்க வூட்டுத் தண்ணிய ஊத்திப் பாருங்க" என்று தன் பாட்டிலை நீட்டினார். மலையில் ஊற்றிலிருந்து பிடித்து வந்த தண்ணீர். தொட்டியைக் கழுவி, ஊற்றி, பட்டனை அழுத்தினேன். எலுமிச்சம்பழம் உள்ளே ஏதோ வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு முறை தும்மிவிட்டுப் புகை வந்தது. முன்பைவிட ஜாஸ்தியாகவே வந்தது. அந்த அம்மா முகத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். "எங்க ஊர்ல மார்கழில இப்பிடித்தாங்க வரும். நாங்க அதுக்கு சார்ஜெல்லாம் போடறதில்ல" என்று சிரித்துவிட்டு, மனுவை வாங்கிக்கொண்டு வரிசைக்குப் போனார்.

நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் ஒரு நினைப்பு வந்தது. இன்றைக்கு ஆறு மணிக்கு என்ன பேசுவது?

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஃபேனை நிறுத்தினேன். "இன்னிக்காவது ஓடுச்சாப்பா?" என்றாள்.

"எங்கம்மா ஓடுது? ஓடல."

அறுபத்திரண்டு வயதில் பெற்ற மகளிடம் இப்படி ஒரு பொய். அதற்குப் பிறகு பொய்யைப் பராமரிப்பதே ஒரு வேலையானது. ஒருநாள் விளக்கு எரிகிறது, புகை இல்லை என்பேன். மறுநாள் சத்தம் மட்டும் வருகிறது என்பேன். எந்த நாளில் எந்தக் கோளாறு சொன்னேன் என்று குழம்பிவிடக் கூடாதே என்று மனு நகல் வைக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன். பகலெல்லாம் கேன் தண்ணீரை ஊற்றி ஃபேனை ஓட விடுவேன். ஐந்து ஐம்பத்தைந்துக்கு நிறுத்துவேன், நாற்காலியைத் துடைப்பேன். மூன்று வாரம் ஒரு பிழையும் இல்லாமல் ஓட்டினேன். அந்த மூன்று வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாட்டியது ஒரு திங்கட்கிழமை நடுப்பகலில். என்னைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. போன் அடித்தது. இந்த நேரத்தில் அவள் கூப்பிட மாட்டாளே என்ற பதற்றத்தில் வீடியோ என்றுகூடப் பார்க்காமல் எடுத்தேன். குழந்தைக்குக் காய்ச்சலாம், லீவு போட்டிருக்கிறாளாம். தாத்தாவைப் பார்க்க வேண்டும் என்று குழந்தை கேட்டதாம். குழந்தையின் முகம் ஒரு நிமிஷம் வந்தது. பிறகு அவள் முகம்.

"அப்பா, அங்க மழையா?"

"மழையா? வெயிலு கொளுத்துது."

"ஒரே மங்கலா தெரியறீங்க. மொகமெல்லாம் முத்து முத்தா தண்ணி நிக்குது."

"வேர்வம்மா."

அவள் முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தாள். "வேர்வ பொகையா வராதுப்பா" என்றாள்.

நான் துண்டால் போனைத் துடைத்தேன். துடைத்ததும் எல்லாம் இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

"ஓடுதும்மா. மூணு வாரமா ஓடுது" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "ஏம்பா?" என்று மட்டும் கேட்டாள். நான் பேசத் தொடங்கினேன். வெயில் ஜாஸ்தி என்றேன். வீட்டில் கூரை ஷீட்டு கொதிக்கிறது என்றேன். அம்மா இருந்தபோது மதியச் சாப்பாடு இங்கேயே வரும் என்றேன். இப்போது டீக்கடைக்காரரும் நாலு மணிக்கே கட்டிவிடுகிறார் என்றேன். வந்தவர்கள் என்னிடம் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டிருந்தேன். அது எனக்கே தெரிந்தது, நிறுத்தத்தான் தெரியவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து இதே மாதிரி ஒரு மேசைக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் அவள். என் தொழிலை அவள் அங்கேயே கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள்.

"சரிப்பா" என்றாள். "ஆகவே?"

ஏழெட்டுப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ பேருக்கு அந்த வார்த்தைக்குக் கீழே எழுதிக் கொடுத்தவன் நான். என் முறை வந்தபோது பேனாவை மேசையில் வைத்தேன்.

"ஆகவே, நீ தினமும் கூப்டணும்மா."

அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது" என்றாள். "ஆபீசு வுட்டு நடக்கறேன் இல்ல, அந்தப் பதினஞ்சு நிமிசந்தாம்பா ஒரு நாளைக்கு எனக்குன்னு இருக்கறது. ஆபீசுல ஆளாளுக்கு ஒண்ணு கேப்பாங்க. வூட்டுக்குப் போனா இவ, இவங்கப்பா. அந்த நேரம் மட்டுந்தான் எங்கிட்ட யாரும் எதும் கேக்க மாட்டாங்க. ஃபேனு கெட்டுப்போச்சேன்னுதான் அதையும் குடுத்தேன்."

எனக்கு நாள் முழுக்கக் கொட்டிக் கிடக்கும் நேரம் அவளுக்குப் பதினைந்து நிமிஷம்தான் கிடைக்கிறது. அதையும் நான் பொய் சொல்லி வாங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"ஞாயித்துக்கெழம எப்பவும் போல. அப்புறம் திங்க, வியாழன் ரெண்டு நாளும் சாயங்காலம் கூப்புடறேன். திங்கக்கெழம உங்களுக்கு மனு நாளுதான?" என்றாள். சிரிக்க முயற்சி செய்தாள். "கண்டிப்பாப்பா. ஃபேனு ஓடினாலும் கூப்புடறேன்."

"போதும்மா" என்றேன். எதிரே நின்ற ஒருவர், "இன்னாங்க, மனு எயுதறீங்களா, நாங்க வேற எடம் பாக்கட்டுமா?" என்றார். பேனாவை எடுத்தேன்.

சொன்னபடி கூப்பிடுகிறாள். திங்களும் வியாழனும் தவறுவதில்லை. கேட்டதில் பாதிக்குக் கிட்டே கிடைத்த மனு அது. என் தொழிலில் அது பெரிய விஷயம்.

மற்ற நாட்களிலும் நான் ஆறு மணிக்கு மரத்தடியில்தான் இருக்கிறேன். ஃபேனை இப்போது யாருக்காகவும் நிறுத்த வேண்டியதில்லை. போன் கையிலேயே இருக்கிறது. கூப்பிட்டால் எடுப்பாள், அது எனக்குத் தெரியும். இந்நேரம் ஆபீசை விட்டு இறங்கியிருப்பாள், பையைத் தோளில் மாட்டியிருப்பாள், யாரும் எதுவும் கேட்காமல் நடந்துகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். ஆறேகால் ஆனதும் ஃபேனை நிறுத்தி, தொட்டியில் மிச்சமிருக்கும் தண்ணீரை மரத்துக்கு ஊற்றிவிட்டு மேசையை மடக்குகிறேன்.