மிஸ்டு கால் பெட்டி

அன்று வேப்பனப்பள்ளி மாந்தோப்பில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: நான், இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் என் கூட்டாளியான வகுப்புத் தோழி, தோப்புக்காரரான அவள் அப்பா, பழம் ஏற்ற வந்த லாரி டிரைவர். வந்திருக்க வேண்டிய எங்கள் பேராசிரியர் வரவில்லை. "நாலு பென்சில் பேட்டரி செல்லுல ஒரு லோடு முழுக்கத் தாங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

தாங்க வேண்டியது எங்கள் பெட்டி. சோப்பு டப்பா அளவுதான். அதை அல்போன்சா பழத்தின் மேல் வைத்து விரலால் தட்டினால், எழும் ஒலியைக் கேட்டு, உள்ளே சதை பஞ்சாக வெளுத்துப் போயிருக்கிறதா என்று சொல்ல வேண்டும். வெளியே பார்த்தால் அந்தக் கேடு தெரியாது. முந்தின வாரம் மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் சில பழங்களை அறுத்துப் பார்த்து, பஞ்சு என்று இந்தத் தோப்பு லோடை அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார்கள். இதுவும் திரும்பினால் அந்த வருஷம் அவள் அப்பாவின் பழத்தை அங்கே வாங்கப் போவதில்லை.

பெட்டிக்குள் இருந்த சிப்பில், மூளையின் நரம்பணுக்களைப் போல வேலை செய்யும் சின்னச் சின்னச் சுற்றுகளை அமைத்திருந்தோம். முதலில் செய்தது படுமோசம். சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு அணுவும் கணக்குப் போட்டு, பக்கத்து அணுவுக்கு எண்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. சிப்பைத் தொட்டால் சுட்டது. புது செல் நாலும் ஒரு மணி நேரத்தில் தீர்ந்தன.

"பைக் பேட்டரிய முதுகுல கட்டிக்கடா. ஓசூர்ல அது கெடைக்காதா?" என்றாள் தோழி.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எனவே குறுஞ்செய்தி பயன்படாது. பேசினால் காசு. நான் போனில் ஒரே ஒரு மணி அடிக்கவிட்டு வைத்தால், போன இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். இரண்டு மணி என்றால் இன்றைக்கு நேரமாகும். அம்மா எடுக்கவே மாட்டாள்.

ஒருநாள் லேபில் தோழியிடம் கேட்டேன். "நம்ம அணுவெல்லாம் எதுக்கு இவ்ளோ பேசுது? மிஸ்டு கால் குடுத்தா போதாதா?"

"நெஜ மூளையே அப்படித்தான்டா பண்ணுது. புக்குல போட்டிருக்கறது உனக்கு இப்பத்தான் எறங்குதா?"

மாற்றி அமைத்தோம். இப்போது ஒவ்வொரு அணுவும் தூங்கும். ஒரு துடிப்பு வந்தால் விழிக்கும். போதுமான துடிப்புகள் சேர்ந்தால் அடுத்ததற்கு ஒரே ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு மறுபடி தூங்கும். சிப் குளிர்ந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒவ்வொரு தட்டையும் பெட்டி கேட்டுக்கொண்டது என்று காட்ட ஒரு மஞ்சள் விளக்கு மின்னும். அது வீண் செலவு என்று அதன் இணைப்பையும் கழற்றினோம். கெட்ட பழத்துக்குச் சிவப்பு எரியும். ஒன்றும் எரியாவிட்டால் நல்ல பழம்.

தோப்பில் பழங்கள் கிரேட்டுகளில் வைக்கோல் மேல் இருந்தன. தோழி தட்டினாள், நான் விளக்கைப் பார்த்தேன். சிவப்பு எரியவே இல்லை. அவள் அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பொட்டி ஊமையா இருக்குதேண்ணா, உசுரோடதான் இருக்குதா?" என்றார் டிரைவர்.

"உன் ஹாரன் மாதிரி கத்தணுமா? நல்ல பழம்யா, அதான் கம்முனு இருக்குது" என்றார் அவள் அப்பா.

பாதி லோடு ஏறியபோது என் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன். அம்மா.

"ஏன் சாமி, போயி சேந்தியா இல்லியா? மணியே அடிக்கலயே. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"மறந்துட்டேம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

"அடிக்கலன்னா நல்லா இருக்கறேன்னு நான் எப்படிடா நெனைக்கறது?"

போனை வைத்ததும் பெட்டியைத் திறந்து மஞ்சள் விளக்கின் இணைப்பை மறுபடி மாட்டினேன். வைக்கோல் மேல் இருந்த பழத்தைத் தட்டச் சொன்னேன். எரியவில்லை. மறுபடி தட்டினாள். இல்லை. லேபில் நாங்கள் பழத்தை மர மேசை மேல் வைத்துத்தான் தட்டிப் பழகியிருந்தோம். இங்கே வைக்கோல் சத்தத்தை விழுங்கிவிட, அணுக்கள் விழிக்கவே இல்லை. ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் பழத்தை வைத்துத் தட்டினாள். மஞ்சள் மின்னியது. நாலைந்து பழம் தள்ளி, சிவப்பு. அவளே கத்தியால் அறுத்தாள். உள்ளே வெள்ளைப் பஞ்சு.

லாரியில் ஏறிவிட்ட பழத்தைப் பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"தல நிமிரு கண்ணு," என்றார் அவர். "ஃபாக்டரிக்காரன் அறுத்துச் சொல்லல, நாமளே பாத்துட்டோம். எறக்கு எல்லாத்தையும்."

"வெயிட்டிங் சார்ஜ் போட்ருவேண்ணா," என்றார் டிரைவர்.

"போட்டுக்க. நீயும் ஒரு கை புடி."

டிரைவரும் இறங்கி வந்தார். ஒவ்வொரு பழமாகப் பலகைக்கு வந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் மஞ்சள் மின்னியதால் செல்கள் பாதியிலேயே தீர்ந்தன. அவள் அப்பாவின் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்ப் புது செல் வாங்கி வந்தேன். சிவப்பு எரிந்த பழங்கள் மரத்தடியில் தனிக் குவியலாகச் சேர்ந்தன.

சாயங்காலம் நாங்களும் லாரியில் ஏறி ஃபாக்டரிக்குப் போனோம். அங்கே அறுத்துப் பார்த்த பழம் எல்லாம் உள்ளே மஞ்சளாக இருந்தது. லோடைக் கொட்டிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் மறக்காமல் அம்மாவுக்கு இரண்டு மணி அடித்தேன்.

மறுநாள் பேராசிரியர், "அப்ப நாலு செல்லுல முடியல?" என்றார்.

"முடியல சார். எட்டு ஆச்சு."

எங்களுக்குக் கூடுதலாக ஆன செலவு, லாரி வெயிட்டிங் முந்நூறு, இரண்டாவது செட் செல் முப்பத்திரண்டு. ஆக முந்நூற்று முப்பத்திரண்டு ரூபாய்.