அக்காவின் டைரக்டரி

அக்கா இறந்து ஏழு மாதம் கழித்து, அவள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புது ஹார்ட் டிஸ்க் மாட்டிக் கொடுக்க நான் பாலக்கோட்டுக்குப் போனேன். எண்பதுகளின் கடைசி அது. பெங்களூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை.

மாமா, அதாவது அக்காவின் கணவர், ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் பார்த்துச் சொல்பவர். இண்டூர், கம்பைநல்லூர் என்று எந்த ஊரில் எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் தண்ணீர், எங்கே தண்ணீர் வராமல் வெறும் புகை மட்டும் கிளம்பியது என்று பல வருஷக் குறிப்புகள் வைத்திருந்தார். அவற்றை ஒழுங்காக வைக்கத்தான், பெங்களூரில் ஓர் ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை வாங்கி, தக்காளி ஏற்றிப் போய்த் திரும்பிய வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். அவரைவிட அக்காதான் அதில் சீக்கிரம் பழகினாள். பள்ளிக்கூட டீச்சர், முதலில் கேள்வித்தாள் அடித்தாள். சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு, படுத்தால் மூச்சு முட்டுகிற நாட்களில், அதன் முன்னால் உட்கார்ந்து எதையோ அடித்துக்கொண்டே இருந்தாள்.

நான் போனபோது அம்மா அங்கே இருந்தாள். ஒரு வாரமாக மாமாவுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். முந்தின மாதமே என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"வெளியிலிருந்து எவளோ ஒருத்தி வந்து அவ பொழங்குன சாமானப் பொழங்கறதுக்கு, நீ பொழங்கு. அந்த வூடும் மனுசரும் உனக்குப் புதுசா?"

புதுசில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பன்னிரண்டு வயதில், பாவாடை சட்டையோடு அவர்கள் கல்யாணத்தில் நின்றவள் நான். அன்றிலிருந்து அவர் எனக்கு மாமா. வேறு விதமாக நினைக்க முயன்றால் உடம்பு கூசியது.

மாமா இளைத்திருந்தார். கம்ப்யூட்டர் மேல் போட்டிருந்த அக்காவின் பழைய துப்பட்டியை எடுத்து மடித்து வைத்தார்.

"எழும்பறதுக்கே நாலஞ்சு தடவ ஸ்விட்ச்சப் போட வேண்டியிருக்கு. அரைக்கிற மாதிரி சத்தம் வேற," என்றார். "பன்னெண்டு மணிக்குக் கரண்ட் போயிரும். அதுக்குள்ள எடுத்துருவியா?"

"எடுத்துரலாம் மாமா."

இரண்டு டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் இணைக்கும் வசதி அதில் இல்லை. பழையதில் இருப்பதை எல்லாம் முதலில் ஃப்ளாப்பிகளில் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பிறகுதான் புதியதை மாட்ட வேண்டும். முப்பது ஃப்ளாப்பி கொண்டுபோயிருந்தேன். ஆரம்பிக்கும்போது, நிலம் பார்க்க அழைத்துப் போக ஒருவர் மொபெட்டில் வந்துவிட்டார். மாமா செருப்பைப் போட்டுக்கொண்டவர், திரும்பி உள்ளே வந்தார்.

"அவளோடத மொதல்ல எடுத்துரு. என்னோடது போனாலும் பரவால்ல. மறுபடி அளந்துக்கலாம்."

சரி என்றேன். அவர் போன பிறகு, அக்கா அடித்ததெல்லாம் இருந்த அவளுடைய டைரக்டரியைத் திறந்தேன். கேள்வித்தாள்கள். ஆஸ்பத்திரி என்ற பெயரில் நான்கு. அம்மாவுக்கு ஒன்று. கடைசியில் ஆங்கில எழுத்தில் "தங்கச்" என்று ஒன்று. எட்டெழுத்துக்கு மேல் பெயர் வைக்க முடியாத காலம். தங்கச்சி என்பதில் கடைசி எழுத்து நிற்கவில்லை.

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அம்மா சொன்னதையேதான் அக்காவும் எழுதியிருப்பாள் என்று தோன்றியது. அவரைப் பார்த்துக்கொள், என்னிடத்தில் நீ இரு என்று. உயிரோடிருக்கும் அம்மாவிடம் முடியாது என்று சொல்லிவிடலாம். செத்துப்போனவளிடம் எப்படிச் சொல்வது? படிக்காமல் நகல் மட்டும் எடுத்தாலும், அதை மாமா படிப்பார்.

நான் அந்த டைரக்டரியை விட்டு வெளியே வந்து, மாமாவின் கிணற்றுக் குறிப்புகளை எடுக்க ஆரம்பித்தேன். அழித்துவிட வேண்டும் என்று நினைக்கவில்லை. கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊர் ஊராக, ஃப்ளாப்பி ஃப்ளாப்பியாக வந்தது. பதினொன்றரைக்கு அவருடையது பெரும்பாலும் முடிந்துவிட்டது. அக்காவுடையதற்கு இரண்டே ஃப்ளாப்பி போதும், பத்து நிமிஷ வேலை. நான் எழுந்து போய் அம்மாவிடம் காபி கேட்டு வாங்கி, நின்றுகொண்டே மெதுவாகக் குடித்தேன். திரும்பி வந்து, மிச்சமிருந்த குறிப்புகளுக்கு அடுத்த ஃப்ளாப்பியைச் செருகினேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. டிஸ்க் எழும்பவில்லை. பத்துத் தடவை போட்டேன். கழற்றிக் கையில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். வெயிலில் வைத்துச் சூடாக்கிக்கூடப் பார்த்தேன். ஒரு முனகல் கேட்டது, அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு மாமா செம்மண் புழுதியோடு வந்தார். "எடுத்துட்டியா?"

"உங்களோடது கொஞ்சந்தான் மாமா பாக்கி, மத்ததெல்லாம் வந்துருச்சு. அக்காவோடது..." கையிலிருந்த டிஸ்க்கை மேஜைமேல் வைத்தேன். "மொதல்லயே போட்டுப் பாத்தேன். அந்த எடம் கெட்டுப்போயிருந்துச்சு."

"ஒண்ணு கூடவா வரல?"

"ஒண்ணு கூட வரல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "படிக்கணும் படிக்கணும்னு நெனச்சுட்டே இருந்தேன். தெகிரியம் வரல. இருக்குதுல்ல, எங்க போயிரப் போகுதுன்னு விட்டுட்டேன்."

புது டிஸ்க்கை மாட்டினேன். திருகுகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து நீட்டினார். எல்லாவற்றையும் ஏற்றி முடித்தபோது முக்கால்வாசி காலியாக இருந்தது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன எடத்துல நான் என்னத்தப் போடறது?"

பஸ் ஸ்டாண்டில் அம்மாவிடம், எனக்கு இதில் இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பழைய டிஸ்க்கைப் பெங்களூருக்கு எடுத்துப்போனேன். எங்கள் கம்பெனியில் மூத்தவர் ஒருவர் திறந்து பார்த்து, உள்ளே தட்டு முழுக்கக் கீறல் என்றார். மாமாவின் கடிதங்களில் கடைசி வரி சில மாதம்வரை ஒரே கேள்வியாக இருந்தது: ஏதாவது வந்ததா? நானும் ஒரே பதிலை எழுதினேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து அவர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். எனக்கும் வேறிடத்தில் ஆனது. ஒருமுறை குடும்பத்தோடு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். என் வீட்டுக்காரரிடம் மாமா என்னைக் காட்டிச் சொன்னார்: "அன்னிக்கு இவ வந்து எடுத்துக் குடுக்கலன்னா என் பத்து வருச ஒழைப்பு போயிருக்குங்க. நல்ல பொண்ணுங்க."

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். அவருடைய மனைவி தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். அருவாமனையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.