களவெட்டியில் நான் சொன்ன எண்

எங்கள் வயல் வட்டையில் எவரும் கண்டறியாத மூன்று பறவைகளை ஒரே ஆண்டுக்குள் கண்டவள் நான். இதனை எண்பது வயதிலும் பெருமையின்றிச் சொல்ல எனக்கு இயலவில்லை. முதலாவது, கரண்டி போன்ற அலகுடைய வெள்ளை நாரை. இரண்டாவது, கழுத்துக் கறுத்து ஆளுயரம் நின்ற பெருநாரை. இரண்டையும் வேறொருவரும் காணாமையால், வீட்டில் எனக்குப் பொய்க்காரி என்னும் பட்டம் தாமதமின்றி வழங்கப்பட்டது.

போருக்கு முந்திய ஒரு மாசி மாதம். நான் நான்காம் வகுப்பு மாணவி. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து எங்கள் நெற்களமான களவெட்டியில் எருமைகள் நெற்கதிர்ச் சூட்டை மிதித்துக்கொண்டிருந்தன. கரையோரக் கண்ணாமரங்களுக்கிடையே விறகு பொறுக்கச் சென்ற நான், வாவியின் ஆழமற்ற நீரில் இளஞ்சிவப்பு நிறத்தில் நெடுங்காற் பறவைகள் நிற்கக் கண்டேன். மும்முறை எண்ணினேன். விறகைப் போட்டுவிட்டு ஓடிவந்து, களத்தின் ஓரத்தில் நின்று கூவினேன்:

"அப்பா! செவத்தக் கொக்கு! பதினொண்டு!"

எருமைகளை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் திகைத்து நின்றனர். களவெட்டியில் எண்ணை வாய்விட்டுச் சொன்னால் பூதங்கள் குவித்த நெற்பொலியை அள்ளிச் சென்றுவிடும் என்பது எங்களவர் நம்பிக்கை. நெல்லை அளப்பவர்கூடக் கணக்கை மனத்துள்ளேயே வைத்துக்கொள்வார்.

அம்மாவின் அண்ணனான மாமா சீறினார். "அண்டைக்குக் கரண்டிச் சொண்டு, இண்டைக்குச் செவத்தக் கொக்கு! நாளைக்கு என்னகா, கொம்பு முளைச்ச காகமா? பொய்யும் சொல்லிப் பொலியையும் கெடுத்துப்போட்டாள். பள்ளிக்கூடத்துல எண்ணப் படிச்சதால வந்த வினை இது. நாளையோட நிப்பாட்டுங்க மச்சான்!"

எனக்கு உயிரே போயிற்று. மாமாவின் சொல்லை எங்கள் வீட்டில் தட்டுவார் இல்லை.

அப்பா தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "பாத்திட்டு வாறன்" என்றார். வேலை நடுவே களத்தை விட்டிறங்காத அவர், என் தோளில் கைவைத்து வரம்பு வழியே நடந்தார்.

கரையில் நின்று கேள்விமேல் கேள்வி கேட்டார். "கால் என்ன நிறம் மனே? சொண்டு எப்பிடி வளைஞ்சிருக்கு? இன்னொருக்கா எண்ணு பாப்பம்." மாமாவுக்காக என்னைச் சோதிக்கிறார் என்றெண்ணி, ஒவ்வொன்றையும் திருத்தமாகச் சொன்னேன்.

திரும்பியதும் மாமா கேட்டார்: "எத்தினை மச்சான்?"

"புள்ள சொன்ன கணக்குத்தான். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அவள் பள்ளிக்குப் போகட்டும்."

களத்தில் எண்ணும் மறுபடி உச்சரிக்கப்படவில்லை. என் சொல்லும் நிலைத்தது. மாமா எருமைகளை அதட்டத் தொடங்கினார்.

அப்பள்ளியில் மேலும் ஓராண்டே பயின்றேன். எஞ்சியதை நூல்களிடம் கற்றேன். அப்பறவை பூநாரை என்பதும் அவ்வாறு அறிந்ததே.

பல்லாண்டு கழித்து அப்பாவை நகரத்துக் கண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். பார்வை எப்போது மங்கியது என்று வைத்தியர் வினவினார்.

"இவள் ரெண்டாம் வகுப்புப் படிக்கக்குள்ளயே ஐயா. பத்துப் பாகத் தூரத்துக்கு அங்கால எல்லாம் வெறும் புகைதான்" என்றார் அப்பா.

பூநாரைகள் கரையிலிருந்து கூப்பிடு தூரத்துக்கும் அப்பால் நின்றிருந்தன.