பெரட்டில் வாசிக்காத கடிதங்கள்

கண்டியில் எந்த மண்டபத்துக்குப் பேசப் போனாலும் யாராவது ஒருவர் எழுந்து, ஒரு வருடம் சமூக சேவை செய்தது எனக்கு என்ன கற்றுத் தந்தது என்று கேட்டுவிடுகிறார். பொறுமை என்று நான் சொல்வேன் என்ற நம்பிக்கையில் மைக்கை நீட்டுகிறார்கள். பொறுமையாவது மண்ணாவது. அந்த வருடம் எனக்கு ஒழுங்காகக் கோபப்படக் கற்றுத் தந்தது. அதற்கு முன்னால் எனக்கு வந்ததெல்லாம் வெறும் சிணுங்கல்தான்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, மடுல்கெல்லைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், சும்மா இருந்தேன். கண்டியில் ஒரு தொண்டு நிறுவனம் தோட்டத்துப் பிள்ளைகளை ஒரு வருடத்துக்குச் சேவைக்கு எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். என் வேலை பாரம் நிரப்புவது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தொழில் விண்ணப்பம் என்று எது வந்தாலும், சிங்களத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லி, ஆட்கள் சொல்வதைப் பாரத்தில் எழுத வேண்டும். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, அதுதான் காம்பரா; காம்பரா காம்பராவாகப் போய் உட்கார்ந்தேன். யாருக்கு அட்டை இல்லை, யாருடைய பிள்ளைக்குப் பிறப்புப் பதிவே இல்லை, எந்தக் கிழவர் எந்தக் கிளினிக்குக்குப் போக வேண்டியவர் என்று எல்லாம் எனக்குத் தெரியும். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதில் எனக்கு ஒரு திமிரும் இருந்தது.

விலாசம் என்ற கட்டத்தில் எல்லாருக்கும் ஒன்றையே எழுதினேன்: பெயர், தோட்டத்தின் பெயர், தோட்ட ஆபீஸ். வேறு என்ன எழுதுவது? எங்களுக்கு வீதி கிடையாது, வீட்டு இலக்கம் கிடையாது. தபால்காரர் ஆபீஸோடு நின்றுவிடுவார். காலையில் பெரட்டுக்களத்தில், அதாவது அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கிற இடத்தில், ஆபீஸ் கிளாக்கர் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் வாசிப்பார். வேலைக்காரர்களின் பெயர்ப் பதிவான செக்ரோலில் உள்ளவர்கள் கை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். மற்றவர்களுடைய கடிதத்தை அவர் வாசிக்கவே மாட்டார். அது ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போகும். எங்கள் அம்மா காலத்திலும் அப்படித்தான், எங்கள் காலத்திலும் அப்படித்தான். இதில் ஒரு தப்பு இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அடுத்த காம்பராவில் ஓர் அத்தையும் அவருடைய மகளும் இருந்தார்கள். மகள் என்னோடு படித்தவள். அத்தை முழங்கால் வலியால் வேலையை விட்டு நின்றவர், மாமா இறந்து பல வருடம். ஆக அந்த வீட்டில் ஒரு பெயரும் செக்ரோலில் இல்லை. தாதியர் பயிற்சிக்கு அவளுக்கு நான்தான் பாரம் நிரப்பினேன். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டு எழுதிய கடிதம், தேர்வு முடிந்து மூன்றாம் நாள் கையில் கிடைத்தது. கிளாக்கர் டின்னில் வேறு எதையோ தேடப் போய் அது அகப்பட்டதாம்.

அத்தை அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார். நான் வாசித்துச் சொன்னேன். விலாசம் என் முத்து முத்தான எழுத்தில் போனது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நீ என்னா புள்ள பண்ணுவ, நம்ம விதி அப்புடி," என்றார்.

விதியாம் விதி. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. டின்னுக்குள் போட்டது விதியா, ஒரு மனுசனின் கையா?

மகள் பிலிமத்தலாவையில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். வயது எல்லைக்குள் இன்னும் ஒரு தடவைதான் விண்ணப்பிக்கலாம், அதுவும் போனால் ஆயுசுக்கும் சேலை மடிக்க வேண்டியதுதான் என்றாள். கடை விலாசத்தைக் கொடுக்கலாமா என்று விசாரித்தேன். முடியாதாம். நிரந்தர விலாசம்தான் வேண்டும், அதைக் கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும் என்றார்கள். அதாவது மறுபடியும் அதே ஆபீஸ், அதே டின்.

அதற்குப் பிறகுதான் என் சேவை சேவையாக இல்லாமல் போனது. தபால் கந்தோருக்குப் போய், லயத்துக்குக் கடிதம் கொண்டுவரச் சொன்னேன். வீட்டு இலக்கம் இருந்தால் கொண்டுவரலாம் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் சில பெண்களும் பெயின்ட் வாங்கி, லயத்துக் கதவுகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினோம். செவ்வாய்க்கிழமை தோட்டத்து மனேஜரான துரை ஆள் அனுப்பி எல்லாவற்றுக்கும் மேல் சுண்ணாம்பு அடித்தார். தோட்டத்துச் சுவரில் எழுத எனக்கு யார் அனுமதி தந்தது என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். தொண்டு நிறுவனத்துக்கும் போன் போனது. அங்கே ஒரு மேடம் என்னை உட்காரவைத்து, "நாங்க உதவி செய்றதுக்குத்தான் போறோம், பிரச்சின பண்றதுக்கு இல்ல தங்கச்சி," என்றார். பாரம் நிரப்பினால் உதவி, அந்தப் பாரத்துக்குப் பதில் வந்து சேர வழி கேட்டால் பிரச்சினை. நல்ல கணக்கு.

எங்கள் வாக்கில் ஜெயித்த பிரதேச சபை உறுப்பினரிடமும் போனேன். தோட்டம் என்பது கம்பெனிக் காணி, சபை கைவைக்க ஏலாது என்றார். இப்போது சட்டம் இடம் தருகிறது என்று அந்தச் சட்டத் திருத்தத் தாளை நீட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. "அப்புடின்னா நீயே எலக்சன் கேட்டு வந்து செய்யேன்," என்று சொல்லிச் சிரித்தார்.

சேவை வருடம் முடிந்தது. ஒரு சான்றிதழ் தந்தார்கள். அதை அலுமாரிக்குள் போட்டுவிட்டு நான் பாரம் நிரப்பிக்கொண்டேதான் இருந்தேன், இப்போது பஸ் காசும் இல்லாமல். தேர்தல் அறிவித்தபோது ஒரு கட்சிக்காரர் வீடு தேடி வந்தார். சட்டப்படி பெண்கள் இருக்க வேண்டிய வேட்பாளர் பட்டியலில் ஒரு பொம்பளப் பேர் குறைகிறது, பேரை மட்டும் கொடுத்தால் போதும், கூட்டத்துக்கெல்லாம் வர வேண்டியதில்லை என்றார். பேரை மட்டும் வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா என்று கேட்டு அனுப்பிவிட்டேன். சுயேச்சைக் குழு ஒன்றில் நின்றேன். போஸ்டர் ஒட்டவில்லை. ஒவ்வொரு காம்பராவுக்குள்ளும் நான் ஏற்கெனவே உட்கார்ந்து எழுந்தவள்தானே. போன இடமெல்லாம் கதவைக் காட்டி ஒன்றே ஒன்று சொன்னேன்: இந்தக் கதவுக்கு இலக்கம் வர வேண்டும், உங்கள் கடிதம் உங்கள் கையில் வர வேண்டும். பின்னால் கேலி பேசியவர்கள் பேசினார்கள். மயிரிழையில் ஜெயித்தேன்.

முதல் அமர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் கிளாக்கர் எங்கள் லயத்துக்கு வந்தார். அவர் லயத்தில் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. கையில் சபையிலிருந்து எனக்கு வந்த அழைப்புக் கடிதம். நாளும் நேரமும் எனக்குப் போனில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

"மெம்பர் அம்மாவுக்குக் கடுதாசி. அதான் நானே கொண்டாந்தேன்," என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"மத்தவங்க கடுதாசி எல்லாம் எங்கங்க ஐயா?"

"அது பெரட்டுல வாசிப்போம்ல."

"அப்ப இதையும் பெரட்டுலயே வாசிங்க. நான் வாறேன்," என்று கடிதத்தை வாங்காமல் திருப்பி அனுப்பினேன்.

அன்றைக்கே அத்தையிடமும் போய், காலையில் பெரட்டுக்கு வரச் சொன்னேன். மகளுடைய இரண்டாவது விண்ணப்பம் போய் மாதக் கணக்காகிவிட்டது. அத்தை வாரம் தவறாமல் ஆபீஸ் படியேறிக் கேட்பார். கிளாக்கர் கதிரையை விட்டு எழும்பாமலே "ஒண்ணும் வரலம்மா" என்பார். அத்தை திரும்பி நொண்டி நொண்டி வருவார்.

காலையில் மூன்று லயத்துச் சனமும் கூடையோடு நின்றது. கிளாக்கர் நாலைந்து கடிதம் வாசித்தார். பிறகு என் பெயரை வாசித்தார். நான் கை நீட்டவில்லை.

"எம்பேரு செக்ரோல்ல இருக்காங்க ஐயா?" என்று கேட்டேன்.

அவர் என் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இல்லல்ல? அப்ப வழக்கப்படி டின்னுல போடுங்க."

பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. கிளாக்கர் என் கடிதத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். டின்னைக் கொண்டுவாருங்கள், மற்றதையும் வாசியுங்கள் என்றேன். அது ஆபீஸ் சாமான், துரையைக் கேட்காமல் தொட ஏலாது என்றார். அதற்குள் கொழுந்து பறிக்கிற இரண்டு அக்காமார் உள்ளே போய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து தரையில் கவிழ்த்துவிட்டார்கள். அவ்வளவு கடிதம் இருக்கும் என்று நானே நினைக்கவில்லை. கொழும்புக்குப் போன பிள்ளைகளுக்கு வந்தது, வேலையை விட்டு நின்றவர்களுக்கு வந்தது, செத்துப்போனவர்களுக்கு வந்தது. நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் வாசித்தேன். ஒருவரும் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறவில்லை.

அத்தையின் மகள் பெயர் பாதியில் வந்தது. பிரித்தேன். நேர்முகத் தேர்வு வருகிற திங்கட்கிழமை. அன்றைக்கு வியாழன்.

அத்தை கடிதத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அழுவார் என்று பார்த்தேன், அழவில்லை. நான் அங்கேயே பிலிமத்தலாவைக்குப் போன் எடுத்தேன். மகள், "எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அந்நேரம் துரையின் ஜீப் வந்து நின்றது. இறங்கி வந்து, தரையில் கிடந்த கடிதங்களையும் நின்ற சனத்தையும் பார்த்தார். வேலையை நிறுத்தியது யார் என்று கேட்டார். அவர் பார்வை என் மேல்தான் இருந்தது. நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அத்தை முன்னால் போய்விட்டார்.

"நாந்தாங்க தொர," என்றார்.

"நீயா? ஒனக்குத்தான் இங்க வேலையே இல்லையே."

"அதாங்க தொர. எம்பேரு செக்ரோல்ல இல்ல. எந்தச் சம்பளத்தங்க வெட்டுவீங்க?"

துரை ஜீப்புக்குத் திரும்பினார். கடைசிக் கடிதம் வாசித்து முடியும்வரை சனம் கலையவில்லை. கிளாக்கர் என் கடிதத்தையும் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

சபைக்கு நான் ஒரு மணித்தியாலம் பிந்திப் போனேன். முதல் நாளே தாமதமா என்று தவிசாளர் எல்லார் முன்னாலும் கேட்டார். கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது என்று சொல்லி, உட்காராமல் நின்றபடியே கதவு இலக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினேன்.